காலர் கறை

ஆடி மாதத்தில் புது மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது சிதம்பரத்து மாரியம்மாளுக்கு மிக நன்றாக நினைவிருந்தது. பெண் வீட்டார் முறையாக வந்து அழைக்கும்வரைகூட அவள் பொறுக்கவில்லை. ஆனி முடியும் முன்பே மருமகள் இளவரசியின் துணிமணிகளை எடுத்துப் பையில் அடைத்தாள். பை மூடவில்லை என்றதும் இன்னொரு பையைக் கொடுத்தாள். பேருந்து நிலையம்வரை தானே கூட வந்து கடலூர் வண்டியில் ஏற்றி, வண்டி கிளம்பும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள். ஆவணி பிறந்தால் போய் அழைத்து வர வேண்டும் என்பதுதான் எப்படியோ அவளுக்கு மறந்துபோயிற்று.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இளவரசியின் அம்மா சௌந்தரம் ஒரு தூக்கு நிறைய அதிரசம் சுட்டு வைத்திருந்தாள். அழைக்க வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாதே. ஆவணியின் முதல் முகூர்த்த நாள் போயிற்று. அடுத்ததும் போயிற்று. அதிரசம் கல்லாகிப்போய், வீட்டில் இருந்தவர்களே அதைக் கடித்துத் தின்று தீர்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி தினமும் வாசல் தெளித்துக்கொண்டே, "இன்னும் அழைக்க வரலியா?" என்று அக்கறையாகக் கேட்பாள். அந்த மாதிரி அக்கறைக்குப் பதில் ஒரு செருப்படி கொடுத்தால் தேவலை என்று இளவரசிக்கு இருக்கும். "மாப்புள்ளைக்கு லீவு கெடைக்கல" என்று சௌந்தரம் சமாளிப்பாள். மாப்பிள்ளை மணிவண்ணன் மருந்து கம்பெனி ரெப். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு என்பது தெருவுக்கே தெரியும்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், இளவரசி தினமும் சிதம்பரத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். அவள் அரசு சர்வேயர். கீரப்பாளையம் பக்கத்து வயல்களில் நிலம் அளந்து எல்லைக்கல் போடுகிற வேலை. கடலூரில் காலையில் ஏறினால் சிதம்பரத்தில் இறங்கித்தான் கீரப்பாளையம் வண்டியைப் பிடிக்க வேண்டும். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம், புருஷன் ஊரை அவள் மிதித்துக்கொண்டிருந்தாள். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் வாங்கிய டீ ஆறுவதற்குள் வீட்டு வாசலில் நிற்கலாம். ஆனால் அழைக்காமல் போகக் கூடாது. "நாமளா போயி நின்னா மரியாத போயிடும்" என்று அப்பா கலியமூர்த்தி சொல்லிவிட்டார். மரியாதை என்கிற அந்தப் பொருளை அந்த வீட்டில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. இருந்தாலும் அது போய்விடக் கூடாது என்று எல்லோரும் பயந்தார்கள்.

ஆடியில் முதல் வாரம் மணிவண்ணன் பேருந்து நிலையத்துக்கு வந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். கூட்டத்தில் நின்றுகொண்டே அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். அடுத்த வாரம் டாக்டர் விசிட் இருக்கிறது என்றான். அதற்கப்புறம் போன் மட்டும்தான். "கொஞ்சம் பொறு இளா, அம்மாகிட்ட பேசிக்கிட்டுதான் இருக்கேன்" என்பான். அம்மாவிடம் பேசுகிற அளவுக்கு என்ன நடந்தது என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று போனை வைத்துவிடுவான். ஒன்றுமில்லாத ஒரு விஷயத்துக்காகத் தான் ஏன் வாழாவெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கிறோம் என்று இளவரசிக்குப் புரியவில்லை. இரவில் அழுகை வரும். காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டியேறிவிடுவாள்.

விஷயத்தைப் போட்டு உடைத்தவள் நாத்தனார் சிந்துஜா. ஸ்ரீமுஷ்ணத்தில் வாழ்க்கைப்பட்டவள், அண்ணன்மேல் பாசம், அம்மாமேல் பயம், ஆனாலும் வயிற்றில் ஒன்றும் தங்காது.

"அண்ணி, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று போனில் ஆரம்பித்தாள். "உங்களுக்கு ஒடம்புல ஏதாச்சும் இருக்கா?"

"ஒடம்புலயா? என்னா?"

"தோல்ல. சீக்கு மாதிரி ஏதாச்சும்..."

பிறகு எல்லாம் கொட்டியது. இளவரசியின் தலையணை உறை, வெள்ளைப் போர்வை, சுடிதாரின் கழுத்து, எல்லாவற்றிலும் செங்காவி நிறத்தில் கறை படிந்திருக்கிறதாம். மாரியம்மாள் சோப்புப் போட்டுப் பார்த்தாளாம், போகவில்லை. ப்ளீச்சிங் பவுடரில் ஊற வைத்தாளாம். காலையில் எடுத்துப் பார்த்தால் கறை இன்னும் சிவப்பாக ஏறியிருக்கிறது.

"ப்ளீச்சிங் பவுடருக்கே போவலன்னா அது மேல பட்ட அழுக்கு இல்ல, ஒடம்புலேருந்து ஊறி வர்றதுன்னு சொல்லுது அம்மா" என்றாள் சிந்துஜா. "இப்ப அண்ணன் சட்டக் காலர்லயும் வந்துட்டுதாம். ஒட்டுவாரொட்டின்னு பயப்படுது. உங்க வூட்ல தெரிஞ்சே மறைச்சுக் கட்டிவெச்சிட்டாங்கன்னு ஒரே பேச்சு. நான் சொன்னன்னு சொல்லிடாதீங்க அண்ணி."

இளவரசிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. போனை வைத்த பிறகு கதவைத் தாழ்போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையைத் தூக்கிப் பார்த்தாள். முதுகைப் பார்க்க முடியவில்லை. ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் பார்த்தாள். தன் உடம்பைத் தானே சந்தேகப்பட வைத்துவிட்டார்களே என்று நினைத்தபோது சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

அப்போதுதான் அந்த க்ரீம் ஞாபகம் வந்தது.

அது ஒரு சன்ஸ்க்ரீன் டியூப். கொடுத்தவன் மணிவண்ணன். பெண் பார்க்க வந்த அன்றே மாரியம்மாள், "கவுர்மெண்டு வேல, சரி. கலருதான் கொஞ்சம் கம்மி" என்று பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். அவளுக்கு மருமகளின் வேலை வேண்டும், அந்த வேலை பார்க்கிற இடத்தில் அடிக்கிற வெயில் மட்டும் வேண்டாம். மகனோ நல்ல சிவப்பு. "செக்கச் செவேல்னு எம்புள்ள" என்று அவள் சொல்லாத நாளில்லை. கல்யாணமான முதல் வாரம் மணிவண்ணன் டியூபை இளவரசியின் கையில் வைத்து, "வெயில்ல அலையறே, தெனமும் போட்டுக்க. அம்மா கண்ணுல மட்டும் படாம வெச்சுக்க. அவுங்களுக்கு இந்த க்ரீமெல்லாம் புடிக்காது, மஞ்சத் தேச்சாப் போதும்பாங்க" என்றான். தன்னைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறானே என்று அவள் பூரித்துப்போனாள். டியூபை ஆபீஸ் பையில் அளவு டேப்புக்கு அடியில் போட்டு வைத்தாள். தினமும் கீரப்பாளையத்தில் இறங்கிய பிறகு முகத்திலும் கழுத்திலும் கையிலும் பட்டை பட்டையாகப் பூசிக்கொண்டு வயலில் இறங்குவாள். நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகும். தீர்ந்தால் அவனே புது டியூப் வாங்கிக் கொடுப்பான். அவன் காட்டிய அன்புக்கெல்லாம் அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்த டியூப்தான்.

கறையை அவளும் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்த வீட்டு போர் தண்ணீரே துரு வாசனை அடிக்கும். பக்கெட், பாத்ரூம் தரை, இட்லித் துணி எல்லாம் செம்மண்ணில் புரட்டியெடுத்த நிறத்தில்தான் இருக்கும். தன் துணியும் அப்படி ஆகிறது என்று விட்டுவிட்டாள். கடலூருக்கு வந்த பிறகும் அதே க்ரீமைத்தான் பூசுகிறாள். இங்கே குழாய்த் தண்ணீரில் அம்மா துவைக்கிறாள், ஒரு கறையும் இல்லை. மறுநாள் பேருந்தில் உட்கார்ந்து போனில் தேடிப் படித்தாள். இந்த மாதிரி க்ரீமில் இருக்கிற ஒரு சரக்கு இரும்புத் தண்ணீரோடு சேர்ந்தால் துரு நிறம் காட்டும், ப்ளீச் போட்டால் இன்னும் மோசமாகும் என்று போட்டிருந்தது. மாரியம்மாள் சீக்கைக் கண்டுபிடித்த அழகு அப்போது விளங்கியது.

சிதம்பரத்திலிருந்து கொண்டுவந்திருந்த வெள்ளைத் துப்பட்டாவில் தோள் பக்கம் அந்தக் கறை இருந்தது. அன்று மாலையே அதை எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தாள். முதலில் பாத்திரம் கழுவுகிற லிக்விடைப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்த்தாள். அலசிவிட்டு, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்பைத் தூவி ஊற வைத்தாள். முதல் தடவை பாதி போயிற்று. மறுபடி பிழிந்து வைத்தாள். நல்ல தண்ணீரில் அலசி விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தபோது தோள் பக்கம் வெறும் வெள்ளை. அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற சௌந்தரம் மகளின் தலையைத் தடவி, "நல்லவேளடி. நீ வந்து சொன்னதுலேருந்து நானும் ரெண்டு நாளா பயந்துகிட்டே இருந்தேன். நீ குளிக்கப் போறப்பல்லாம் ஒம் முதுவப் பாத்தேன்" என்றாள். பெற்றவளுமா என்று இளவரசிக்குச் சுருக்கென்றது. கையைத் தட்டிவிட்டுவிட்டுத் துப்பட்டாவைக் கொடியில் போட்டாள்.

அன்று இரவு மணிவண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

"மாமா, அது சீக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. நீங்க வாங்கிக் குடுத்த க்ரீமு. தலகாணியில பட்டு, அங்கேருந்து உங்க காலர்லயும் பட்டிருக்கு. அத்தகிட்ட சொல்லுங்க."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "சொன்னேன் இளா. நம்ப மாட்டேங்குறாங்க. க்ரீம் பூசினா துணி செவக்குமாடான்னு கேக்குறாங்க."

"அப்ப நேர்ல வந்து செஞ்சு காட்றேன்."

"இப்ப வேணாம். கொஞ்சம் ஆறட்டும்."

"ஆறி ஆறித்தான் ஆவணியே முடியப்போவுது. ஞாயித்துக்கெழம வர்றேன்."

கலியமூர்த்தி வர மறுத்துவிட்டார். பெண்ணும் பெண்டாட்டியும் கிளம்பும்போது பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். பையில் எலுமிச்சம்பழம், உப்பு, லிக்விட் பாட்டில், டியூப். சம்பந்தி வீட்டுக்குப் பூவும் பழமும் கொண்டு போகிற கையால் சௌந்தரம் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆலப்பாக்கம் தாண்டும்போது, "பேச்ச வளக்காத. காட்டிட்டு, கையக் கட்டிகிட்டு நில்லு. எப்டியாச்சும் அந்த வூட்டுக்குள்ள போயிடு" என்றாள். இளவரசிக்கும் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டில், தன் புருஷன் பக்கத்தில், தலை நிமிர்ந்து இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

மாரியம்மாள் "வாங்க" என்றாள். அந்த வார்த்தையை இவ்வளவு சோகையாகவும் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. கூடத்துக்குள் கூப்பிடவில்லை. வராந்தாவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். குடிக்கத் தண்ணீர் பேப்பர் கப்பில் வந்தது. நான்கு மாதம் அந்த வீட்டு டம்ளரையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்தவள் பேப்பர் கப்பைக் கையில் வாங்கினாள். சௌந்தரம் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மீன் வாங்கி வந்து அப்போதுதான் வண்டியை நிறுத்திய மணிவண்ணன், "வாங்க அத்த" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

"அத்த, அந்தத் துணியெல்லாம் எடுங்க. வெள்ளையா ஒரு பழைய துண்டும் வேணும்" என்றாள் இளவரசி.

கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்கு எல்லோரும் போனார்கள். மாரியம்மாள் கறைத் துணிகளை ஒரு கேரி பேக்கில் முடிந்து வைத்திருந்தாள். இரண்டு விரலால் பிடித்துக் கொண்டுவந்து தரையில் போட்டாள். இளவரசி துண்டை விரித்து அதில் க்ரீமைப் பிதுக்கித் தேய்த்தாள். போர் தண்ணீரை மொண்டு ஊற்றி, சோப்புத் தூளைப் போட்டு ஊற வைத்தாள். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் க்ரீம் பட்ட இடம் மட்டும் லேசாகப் பழுக்க ஆரம்பித்தது. ப்ளீச்சிங் பவுடரைக் கேட்டு வாங்கி ஒரு சிட்டிகை போட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

"அய்ய" என்றாள் மாரியம்மாள்.

இளவரசி போர்வையை எடுத்தாள். லிக்விட், அப்புறம் எலுமிச்சை, உப்பு. கேன் தண்ணீர் கேட்டு வாங்கி அலசினாள். இரண்டு தடவை அதே வேலை. வெயில் தலையில் இறங்கியது. கடைசியில் மாரியம்மாள் போர்வையின் ஓரத்தைத் தானே பிடித்து இழுத்துப் பார்த்தாள். தடவிப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள். அவள் ஒன்றும் பொல்லாதவள் இல்லை. ஒரே பையன், அவனுக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்கிற பயம், அந்தப் பயத்துக்கு ஊரில் யாரையாவது பலி கொடுக்க வேண்டியிருந்தது.

"க்ரீமுதானா? இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் இவ்ளோ தூரம் போறேன்?" என்றாள்.

"அவுரு சொன்னாரே அத்த. நீங்கதான் நம்பலன்னு..."

"எவன் சொன்னான்? கறையப் பாத்ததுமே அவனத்தான் கேட்டேன். ஒனக்கு ஏதாச்சும் தெரியுமாடான்னு. எனக்குத் தெரியாதும்மான்னு சொல்லிட்டான்."

இளவரசி நிமிர்ந்து பார்த்தாள். மணிவண்ணன் கொல்லைக் கதவில் சாய்ந்துகொண்டு போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தான். தெரியாதாம். கடையில் வாங்கி, கையில் வைத்து, மறைக்கவும் சொல்லிக் கொடுத்தவனுக்குத் தெரியாதாம்.

"அப்ப இவன் சட்ட?" என்று மாரியம்மாள் திடீரென்று கேட்டாள். கொடியிலிருந்து மூன்று வெள்ளைச் சட்டைகளை உருவிக்கொண்டு வந்து கல்லின்மேல் போட்டாள். காலரின் உள்பக்கம் முழுக்கச் செங்காவி. "நீ போயி ரெண்டு மாசம் ஆவப்போவுது. இது போன வாரம் போட்ட சட்ட. புதுத் தலகாணி, புது ஒற. இதுல எப்டி வந்துச்சு?"

இளவரசி புருஷனைப் பார்த்தாள். வெயிலில் போய் மீன் வாங்கி வந்தவனின் முகம் பளபளவென்று இருந்தது. இடது காதுக்குக் கீழே, சரியாகத் தேய்க்காமல் விட்ட க்ரீம் வெள்ளைத் தீற்றலாகத் தெரிந்தது. அவள் ஆபீஸ் பையில் டியூப் ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்று இப்போது கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"பழைய தலகாணிலேருந்து ஒட்டினதா இருக்கும்மா. ஒரு தடவ ஏறினா லேசுல போவாது" என்றான் மணிவண்ணன்.

"அதானே பாத்தேன்" என்று மாரியம்மாள் சிரித்தாள். "ஆம்பளப் புள்ள, அவன் எதுக்கு இந்தக் கருமத்தப் பூசப் போறான்." சௌந்தரமும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வயிற்றில் கட்டியிருந்த கல் இறங்கிய சிரிப்பு அது. மாரியம்மாளுக்குத் தாராளம் வந்துவிட்டது. "போனது போவட்டும். இன்னிக்கே இங்க இருந்துடட்டும் சம்பந்தி, மத்த சாமானெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம். சங்கரா மீன் கொழம்பு, சாப்புட்டுத்தான் போவணும். இளவரசி, அப்டியே அந்தக் காலரையும் தேச்சு விட்டுடும்மா."

இரண்டு அம்மாக்களும் உள்ளே போனார்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. உள்ளே குழம்பு கொதித்து வாசனை வருகிறவரை இளவரசி புருஷனின் காலரில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணிவண்ணன் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டான்.

"நல்லவேள இளா, நீ ஒண்ணும் சொல்லல."

"எத்தன நாளாப் பூசறீங்க?"

"நாள் பூரா வண்டியில அலையறேன்ல. பரங்கிப்பேட்டைக்கும் இங்கயுமா என்னா வெயிலு. கறுத்துப்போயி டாக்டருங்க முன்னாடி நிக்க முடியுமா?"

"அத்த என்னை சீக்குக்காரின்னு சொன்னப்ப பக்கத்துலதான இருந்தீங்க?"

அவன் ஒரு எலுமிச்சைத் தோலை எடுத்து நகத்தால் கீறினான். "அப்ப சொன்னா என்னா ஆவும் தெரியுமா? ஏன்டா, பொட்டச்சி மாதிரி நீயும் பூசறியான்னு ஆரம்பிப்பாங்க. சிந்துஜா காதுக்குப் போவும். அப்புறம் ஸ்ரீமுஷ்ணத்து மச்சான் காலம் பூரா சொல்லிக் காட்டுவாரு. உனக்குன்னா கொஞ்ச நாள்ல தன்னால சரியாயிடும்னு நெனச்சேன். இப்ப பாரு, சரியாயிடுச்சில்ல?"

அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவளை ஊரார் வாயில் போட்டுவிட்டு, மச்சானின் கிண்டலுக்குப் பயந்து கொல்லைக்கதவில் சாய்ந்து நின்றிருக்கிறான். அதில் தப்பு இருப்பதாகவே அவனுக்குத் தெரியவில்லை.

"டியூபு தீந்துபோச்சு" என்று அவன் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான். "அடுத்தது நீயே வாங்கி ஒம் பேக்ல வெச்சிரு. நான் எடுத்துக்கறேன். இப்பத்தான் அம்மாவுக்கே தெரிஞ்சிடுச்சே, ஒம் பேர்லயே இருக்கட்டும்."

இளவரசி சட்டையைக் கல்லின்மேல் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை நீங்க என்று கூப்பிட்டவள் அப்போது அதை விட்டுவிட்டாள்.

"மாமா, நீ இப்பவே உள்ள போ. போயி அத்தகிட்ட, நானும்தான் பூசறேன்னு சொல்லு. தெரிஞ்சேதான் சொல்லாம இருந்தேன்னு சொல்லு. நான் சொன்னா அது சண்டையாவும். நீ சொல்லணும். சொல்லிட்டு வா, நான் இதெல்லாத்தையும் அலசிப் போட்டுட்டு இங்கயே இருக்கேன். மனசுல எதுவும் வெச்சுக்க மாட்டேன்."

"ஏய், வெளயாடாத."

"நான் வெளயாடல."

உள்ளேயிருந்து மாரியம்மாளின் குரல் வந்தது. "மணி, சாப்புட வாடா, ஆறிப்போவுது." அவன் எழுந்தான். அவளைப் பார்த்தான், கொல்லைக் கதவைப் பார்த்தான். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

அவள் காத்திருந்தாள். இலை போடுகிற சத்தம் கேட்டது. கரண்டி சத்தம் கேட்டது. தன் அம்மா எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மணிவண்ணனின் குரல். இளவரசி காதைத் தீட்டிக்கொண்டாள். "கொழம்புல புளி கொஞ்சம் ஜாஸ்தி" என்றான் அவன்.

அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குள் போனாள். சௌந்தரம் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எழுந்திரும்மா, போவலாம்."

சௌந்தரத்தின் கை நின்றது. பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்திருப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"என்னாடி இது?" என்றாள் மாரியம்மாள், கையில் கரண்டியோடு. "எல்லாம் சரியாப் போச்சு, இப்ப என்னா?"

"உங்களுக்குச் சரியாப் போச்சு அத்த. உங்க புள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவுரு வாயால சொல்லட்டும், நான் இங்கயே உக்காந்து சாப்புடறேன்."

மாரியம்மாள் மகனைப் பார்த்தாள். "என்னாடா சொல்லணும்?"

மணிவண்ணன் மீனிலிருந்து முள்ளை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தான். இன்னொரு முள்ளையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். "எனக்கென்னம்மா தெரியும்?" என்றான்.

சௌந்தரம் மகளின் முகத்தைப் பார்த்தாள். மறு பேச்சில்லாமல் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு பையை எடுத்தாள். மகளுக்காக அவள் உருப்படியாகச் செய்த காரியம் அந்த இரண்டு மாதத்தில் அது ஒன்றுதான். "இப்பப் போனா போனதுதான், திரும்பி வந்து வாசல்ல நிக்கக் கூடாது" என்று பின்னால் மாரியம்மாள் கத்தினாள். இளவரசி செருப்பை மாட்டிக்கொண்டாள். தெருவில் இறங்கி நாலு வீடு தாண்டியிருப்பார்கள்.

"இளா! இளா, நில்லு!"

மணிவண்ணன் எச்சில் கையோடு ஓடி வந்துகொண்டிருந்தான். அவள் நின்றாள். நிற்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் நின்றாள். சொல்லிவிட்டான் போலிருக்கிறது என்று அவள் மனசு, வெட்கங்கெட்ட மனசு, ஒரு துள்ளு துள்ளியது. சௌந்தரம் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றாள்.

அவன் மூச்சு வாங்கக் கிட்டே வந்தான். வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அந்த எலுமிச்சம்பழத்த எவ்ளோ நேரம் ஊற வெக்கணும்?" என்று கேட்டான்.

இளவரசி அவன் காதுக்குக் கீழே இன்னும் இருந்த வெள்ளைத் தீற்றலைப் பார்த்தாள்.

"அர மணி நேரம்" என்றாள். "அப்புறம் நல்ல தண்ணியில அலசணும். போர் தண்ணி ஆவாது."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.